தனியாக வந்தால் ஏற முடியாது

"கழட்ட வேணாம். காலைத் தூக்கி அடியைக் காட்டுங்க, போதும்."

டோட்டோரி மாகாணத்தில் அந்த மலைக்கோயிலுக்கு யார் வந்தாலும் முதலில் காதில் விழுவது ஹிசானோவின் இந்தக் குரல்தான். பேராசிரியரோ, புது மாப்பிள்ளையோ, டோக்கியோவிலிருந்து கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த கொம்பனோ, எவராயிருந்தாலும் மலைவாசலில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலைப் பின்னால் மடக்கி, லாடம் அடிக்கக் கொண்டுவந்த மாடு மாதிரி அவளுக்குக் காட்ட வேண்டும். அடி வழவழவென்று இருந்தால் போச்சு.

"இதைப் போட்டுக்கிட்டுப் போனீங்கன்னா வர்றப்போ தலை முன்னாடி வரும், கால் பின்னாடி வரும். அதோ வைக்கோல் செருப்பு இருக்கு, வாங்கிக் கட்டிக்கிட்டு ஏறுங்க. பிடிக்கலைன்னா கடற்கரைப் பக்கம் மணல்மேட்டுக்குப் போங்க. அங்க ஒட்டகம் இருக்கு. ஒட்டகம் செருப்பைப் பார்க்காது."

சிரிக்காமல் சொல்வாள். வந்தவருக்குச் சுருக்கென்று ஏறும். ஆனாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார். வேர்களைப் பிடித்து, சங்கிலியைப் பிடித்து, குதிரை முதுகு மாதிரி ஒடுங்கிய பாறைமேல் நடந்து, செங்குத்துப் பாறையின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த மரக்கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, "அந்தம்மா சொன்னது வாஸ்தவம்" என்று ஒப்புக்கொள்வார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துறவி கீழே கட்டிய கோயிலை மந்திரம் போட்டு மேலே எறிந்தாராம். அப்படித்தான் சொல்கிறார்கள். பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

செருப்பு ஒரு விதி. அதைவிடப் பெரிய விதி இன்னொன்று உண்டு. தனியாக வந்தவரை மேலே விட மாட்டார்கள். விழுந்தால் வந்து சொல்ல ஒரு ஆளாவது வேண்டுமில்லையா? தனியாக வந்தவர் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைப்போல் இன்னொரு தனி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் ஹிசானோ இருவரையும் சேர்த்து, பேரேட்டில் பெயர் எழுதவைத்து, கழுத்தில் வெள்ளைப் பட்டி ஒன்றைப் போட்டு, "சேர்ந்து போறீங்க, சேர்ந்துதான் இறங்கணும். சண்டை போட்டுக்கிட்டா கீழ வந்து போட்டுக்குங்க" என்று அனுப்புவாள். இருபத்தாறு வருஷத்தில் இப்படி எத்தனை ஜோடி! அதில் மூன்று ஜோடி கல்யாணமே கட்டிக்கொண்டு அவளுக்கு வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை அனுப்புகிறது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, தான் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஹிசானோ கதை அதேதான். அந்த வாசலில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள், மேலே இருக்கும் கோயிலை ஒருநாள்கூடக் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தரம், ஒன்பது வயதில், கிட்டத்தட்டப் பார்த்திருப்பாள்.

அவள் பிறந்தது மலைக்குக் கீழே இருக்கிற வெந்நீர் ஊற்று ஊரில். அம்மா விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுப்பாள். பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் சுமியே, நாலு வயது பெரியவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டும் மலைக்கு ஓடிவிட்டன. காலில் வைக்கோல் செருப்பு, மடியில் சோற்று உருண்டை. சங்கிலிப் பாறை வந்ததும் சின்னவளுக்குக் கீழே பார்த்து நடுக்கம் கண்டுவிட்டது. சங்கிலியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகை. சுமியே அதற்குள் பாறைமேல் ஏறிவிட்டாள். இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தால் கோயில். தங்கைக்காக இறங்கி வந்தாள்.

"நீ போய்ப் பார்த்துட்டு வாக்கா. நான் இங்கயே நிக்கிறேன்."

"போடி, எனக்கும் பயமாத்தான் இருக்கு. பெரியவங்களானதும் ரெண்டு பேரும் சேர்ந்து ஏறலாம்."

அவளுக்குப் பயமே இல்லை என்று ஹிசானோவுக்கு அப்போதே தெரியும்.

அப்புறம் சுமியே பதினெட்டு வயதில் ஒசாகாவுக்கு ஆலை வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணம், ஒரு பெண், மடோகா. ஹிசானோவுக்கு உள்ளூரிலேயே கல்யாணமானது. ஐந்தாம் வருஷம் புருஷன் வேறொருத்தியோடு யொனாகோவுக்குப் போய்விட்டான். போனவனைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான்: "வழவழச் செருப்பு." அம்மாவோடு இருந்துகொண்டாள். முப்பத்திரண்டு வயதில் மலைவாசல் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த கடோவாக்கி, பேரேடு எழுதுகிற வழுக்கைத் தலைக்காரர், மாசத்துக்கு ஒரு தரமாவது சீண்டுவார்.

"சமையல்காரி பட்டினி கிடக்கிற மாதிரி இருக்கு. ஒருநாள் மேல போயிட்டு வாங்களேன். நான் துணைக்கு வரேன்."

"எனக்கு ஆள் இருக்கு. ஒசாகாவுல இருக்கா. அவளுக்கு ஒழியணும், எனக்கு லீவு கிடைக்கணும்" என்பாள்.

ஒழியவில்லை, கிடைக்கவில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா படுத்துவிட்டாள். பிப்ரவரி மாசம், இடுப்பளவு பனி. அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வரும் மருமகன் மாதிரி புத்தாண்டுக்குப் புத்தாண்டு மட்டும் எட்டிப் பார்க்கிறவள், தானாக விசாரிக்கட்டும் என்று வீம்பு. ஒன்பது நாள் அப்படியே போச்சு. பத்தாம் நாள் அம்மா கண்ணை மூடினாள். அதற்கப்புறம்தான் போன். சுமியே அலங்கோலமாக ஓடி வந்து சேர்ந்தபோது உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஹிசானோ எழுந்து நின்று சொன்னாள்:

"வாங்க, வாங்க. ஒசாகாவுலேர்ந்து விருந்தாளி வந்தாச்சு. யாராவது டீ குடுங்கப்பா."

சுமியேயின் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனேடி."

"பெத்தவளை விசாரிக்க அழைப்பிதழ் வைக்கணுமா?"

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டு பக்கமும் நாக்கும் இருந்தது. சுமியே ஊதுவத்தி ஏற்றி வணங்கினாள். விடியும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எலும்பு பொறுக்கி முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறிப் போனாள்.

துக்க வருஷம் கழிந்து அடுத்த புத்தாண்டுக்கு அவளிடமிருந்து அட்டை வந்தது. அதை அனுப்பாமல் விட்டால் உறவை அறுத்துக்கொண்டதாகிவிடும். அந்த அளவுக்கு இரண்டு பேருக்குமே துணிச்சல் இல்லை. ஆனால் அட்டையில் அச்சடித்த வாழ்த்தும் அந்த வருஷத்து ராசி மிருகத்தின் படமும் மட்டும்தான். கையால் ஒரு எழுத்து இல்லை. ஹிசானோ சளைத்தவளா? கோயில் அலுவலகத்தில் மிஞ்சிய அச்சு அட்டையில் முகவரியை மட்டும் எழுதிப் போட்டாள். பத்து வருஷம் இப்படி. குரங்கு வந்தது, சேவல் வந்தது, நாய், பன்றி எல்லாம் வந்து போயிற்று. அக்காவின் ஒரு சொல் வரவில்லை.

இத்தனையும் இப்படியே இருந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், அக்டோபர் பதினேழாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு, ஒரு ஜோடிக் கால் வந்து ஹிசானோவின் முன்னால் நின்றது.

"அடியைக் காட்டுங்க."

காட்டினாள். புதுக் காலணி, ஆழமான பிடிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்லது என்று தலையை நிமிர்த்தினாள் ஹிசானோ. சாம்பல் நிறத் தொப்பிக்குக் கீழே அக்கா. பாதியாக இளைத்திருந்தாள். 'ஒசாகாக்காரிக்கு இந்த வயசிலும் ஒல்லியாகணும்' என்றுதான் மனசில் ஓடியது.

"எத்தனை பேர்?"

"ஒருத்திதான்."

"தனியா வந்தா ஏற முடியாது."

"தெரியும். இங்க வந்தா துணைக்கு ஆள் கிடைக்கும்னு வந்தேன்."

"கிடைச்சா போகலாம். அந்தப் பெஞ்சுல உக்காருங்க."

உக்காருங்க! கூடப் பிறந்தவளை, முன்பின் தெரியாத மனுஷியைச் சொல்வதுபோல். சுமியே, காலில் நல்ல காலணி இருக்கும்போதே ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு வாங்கினாள். "அன்னைக்கு இதுலதானே ஏறினோம்" என்று முணுமுணுத்தாள். பட்டியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

கடோவாக்கி மெதுவாக அருகில் வந்தார். "உங்க அக்காவா?"

"டிக்கெட்டு வாங்கினவங்க."

"அட, போயிட்டு வாங்கம்மா. கூட்டமா அலைமோதுது இங்க? நான் பார்த்துக்கிறேன்."

"வேலை நேரத்துல ஊர் சுத்தறதுக்கா சம்பளம்? விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

பத்து மணிக்குக் கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் வந்தார்கள். "ஆன்ட்டி, எங்ககூட வாங்களேன்" என்று கூப்பிட்டார்கள். "நீங்க பறப்பீங்க, நான் நடக்கணும்" என்று சிரித்து அனுப்பிவிட்டாள் சுமியே. பதினொரு மணிக்கு, நகோயாவிலிருந்து ஒரு பெண்மணி, ஐம்பது வயசிருக்கும், தனியாக வந்தாள். ஹிசானோ அவசர அவசரமாக அவளைக் கையோடு பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள்.

"ரெண்டு பேரும் தனி. வயசும் பொருத்தம். சேர்ந்து கிளம்புங்க."

சுமியே எழுந்து அந்தப் பெண்மணிக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள்.

"மன்னிக்கணும். எனக்கு ஆள் வருது."

சொல்லிவிட்டுத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். ஹிசானோவுக்குப் புரியாமலா இருக்கும்? புரிந்தது. காதுவரை சுட்டது. நான் வரேன்க்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால், 'நீ வாடி' என்று அவள் வாய் திறந்து கூப்பிடட்டுமே என்று இவள் நின்றாள். தானாக வரட்டுமே என்று அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்துக்கே இந்த வியாதி இருந்திருக்கிறது.

மத்தியானம் சுமியே பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். இரண்டு சோற்று உருண்டை. ஒன்றை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "உள்ள கடற்பாசி வேகவச்சு வச்சிருக்கேன். உனக்குப் பிடிக்குமே."

"வேலை நேரத்துல சாப்பிடக் கூடாது" என்று சொன்ன ஹிசானோ, அவள் திரும்பிப் போனதும் அதை எடுத்துக் கடோவாக்கியிடம் நீட்டினாள். அவருக்கு வாங்காமலிருக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மூன்று மணிக்கு மலைவாசல் மூடும். ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த சுமியே எழுந்து வந்து, போட்ட மடிப்புக் கலையாத பட்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஹிசா."

அந்தப் பெயரில் அவளைக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

"இந்த வருஷமாவது புத்தாண்டு அட்டையில ஒரு வரி உன் கையால எழுதுடி. அச்சையே பார்த்துப் பார்த்துக் கண்ணு வலிக்குது."

ஹிசானோ பேரேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பஸ்ஸு மூணு இருபதுக்கு. விட்டா அஞ்சு மணிக்குத்தான்."

சுமியே சிரித்தாள். வைக்கோல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். நாற்பது படிதான் இருக்கும். மூன்று இடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஹிசானோ மேலேயிருந்து அதையும் பார்த்தாள். 'நாடகம்' என்று நினைத்துக்கொண்டாள். பாவி!

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். நவம்பர் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய செருப்பைப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள். கடோவாக்கி ஓடிப்போய் அந்த ஆளைத் திரும்பக் கூட்டிவந்தார். பனி விழுந்து மலையை மூடியதும் அலுவலகத்தில் பட்டி துவைத்து மடிக்கிற வேலை. மடித்துக்கொண்டே திடீரென்று சொன்னாள்:

"அவ என்னைத்தான் கூட்டிட்டுப் போக வந்தா."

"இப்பதான் தெரிஞ்சுதா?" என்றார் கடோவாக்கி. "போன் நம்பர் இருக்கில்ல? எடுங்க போனை."

"அட்டையில ஒரு வரின்னுதானே கேட்டா. கேட்டதைச் செய்யறேன்."

புத்தாண்டு அட்டையைத் தபால்காரர்கள் எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கிற முதல் நாள் டிசம்பர் பதினைந்து. அதற்கு முன்னாலேயே வெறும் அட்டை ஐந்து வாங்கினாள். நாலு வீணாயிற்று. ஒன்றில் எழுத்து கோணல், ஒன்றில் கண்ணீர், ஒன்றில் திட்டு, ஒன்றில் மன்னிப்பு ரொம்ப நீளம். ஐந்தாவதில் இவ்வளவுதான்: "அக்கா, ஏப்ரலில் மலை திறந்ததும் வா. நானும் ஏறுகிறேன். நம் இரண்டு பேர் மட்டும்."

டிசம்பரில் தபால்பெட்டிக்கு இரண்டு வாய். ஒன்று சாதாரணக் கடிதத்துக்கு, இன்னொன்று புத்தாண்டு அட்டைக்கு. சாதாரண வாயில் போட்டால் இரண்டாம் நாள் ஒசாகாவில் இருக்கும். புத்தாண்டு வாயில் போட்டதைத் தபால் நிலையம் பத்திரமாகக் கட்டி வைத்திருந்து, ஒன்றாம் தேதி காலையில்தான், நாடு முழுக்க ஒரே நேரத்தில், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். பதினைந்தாம் தேதி காலையில் ஹிசானோ பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு நிமிஷம் சாதாரண வாய்ப்பக்கம் கை போயிற்று. புத்தாண்டு அட்டையை முன்கூட்டியே கொடுத்தால் சிரிப்பாளே என்று தோன்றியது. ஒன்றாம் தேதி காலையில் அவள் கட்டைப் பிரித்து, அச்சுக்கு நடுவில் கையெழுத்தைப் பார்த்து, அப்படியே வாயைப் பிளக்க வேண்டும். பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் பதினேழு நாள் ஆகட்டுமே என்று புத்தாண்டு வாயில் போட்டாள்.

ஒன்றாம் தேதி நல்ல பனி. ஹிசானோ எழுந்து, பயறு இனிப்புக் கஞ்சியில் மோச்சி என்கிற அரிசிக் கொழுக்கட்டை போட்டுக் காய்ச்சி, அம்மா படத்துக்கு ஒரு கிண்ணம் வைத்தாள். நல்ல உடுப்பாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். தபால்காரன் ஒரு கட்டு அட்டை கொடுத்துவிட்டுப் போனான். அவள் ஜோடி சேர்த்த மூன்று தம்பதிகளின் அட்டையும் இருந்தது. அக்கா அட்டை இல்லை. 'ஓகோ, அட்டை எதுக்குன்னு நேரா போன் பண்ணப் போறாளாக்கும்' என்று சிரித்துக்கொண்டாள். போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, எப்படிச் சீண்டலாம் என்று ஒத்திகை பார்த்தாள். பத்தே முக்காலுக்கு மணி அடித்தது.

"என்ன, அட்டை வந்துச்சா? எழுத்து புரிஞ்சுதா, இல்ல கண்ணாடி வேணுமா கெழவிக்கு?"

"வந்துச்சு சித்தி. இப்பதான் வந்துச்சு."

மடோகா குரல்.

"சித்தி, அம்மா முந்தாநாள் காலையில இறந்துட்டாங்க."

மடோகா சொல்லிக்கொண்டே போனாள். கோடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம், கணையத்தில். வருஷக் கடைசி வரை என்று டாக்டர் சொன்னாராம். அக்டோபரில் இரண்டு நாள் நடக்க முடிந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் எங்கேயோ தனியாகப் போய்விட்டு வந்தாளாம். புத்தாண்டுக்கு மூன்று நாளும் தகனம் கிடையாது, விடுமுறை, நாலாம் தேதிதானாம்.

"உங்களுக்குச் சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க. அவளுக்கு வேலை இருக்கும்னாங்க. நான்தான் சொல்றேன். வர்றதுன்னா வாங்க."

போனாள். ஒசாகாவில் அந்த வீட்டு வாசலில் நின்றபோது, யாராவது தன்னை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டால் தேவலை என்று இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. மடோகா ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "டீ எடுத்துக்குங்க சித்தி." குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தாள். ஹிசானோவால் அந்தக் கிண்ணத்தைத் தொட முடியவில்லை.

பெட்டிக்குள் சுமியே வெள்ளை உடுத்தி, வழிப்பயணத்துக்குத் தயாராகப் படுத்திருந்தாள். போகிறவர்களுக்குக் காலில் வைக்கோல் செருப்பு கட்டி அனுப்புவது வழக்கம். சடங்குக்காரர்கள் கொண்டுவருகிற பொம்மைச் செருப்பு இல்லை அது. சிவப்புக் கயிறு பின்னிய, கெட்டியான, மலைவாசல் செருப்பு. ஹிசானோவின் மேசையில் வாங்கியது.

"அதைத்தான் கட்டணும்னு அம்மா சொல்லி வச்சிருந்தாங்க" என்றாள் மடோகா.

இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. குனிந்து அக்காவின் பாதத்தை மெல்லத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஒரு துளி மண் இல்லை. மலைமேல் கால் வைக்காத செருப்பு, பின்னியது பின்னியபடி பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் உடைந்தாள். "நான் விடலையேக்கா, நான் உன்னை விடலையே" என்று அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லட்டும். அவளே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கி உட்காரவைத்தது மடோகாதான். கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்:

"டிசம்பர் கடைசியில அம்மாவுக்கு நாள் கணக்கே மறந்துபோச்சு சித்தி. தினம் காலையில கண்ணைத் தொறந்ததும், 'ஹிசா அட்டை வந்துச்சா'ம்பாங்க. புத்தாண்டு அட்டை ஒண்ணாம் தேதிதாம்மா வரும்னு சொல்லுவோம். 'இன்னும் எத்தனை நாள்'னு கேப்பாங்க. இருபத்தொம்பதாம் தேதி கேட்டாங்க. இன்னும் மூணு நாள்தான்னேன். 'மூணு நாள்தானே, இருந்துடலாம்'னாங்க."

அட்டையை மடோகா பெட்டிக்குள் அம்மா கைக்கு அருகில் வைத்தாள். எழுத்து மேல்பக்கம் இருக்கும்படி ஹிசானோ அதைத் திருப்பி வைத்தாள். மூடிவிட்டார்கள்.

ஏப்ரலில் மலை திறந்தது. ஹிசானோ வேலைக்கு வந்தாள். செருப்பின் அடியைப் பார்த்தாள், தனி ஆட்களை ஜோடி சேர்த்தாள். ஒட்டகத்தைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. கடோவாக்கி ஒரு தரம், "நான் வரேன், ஒரு நாள் மேல போய் அக்கா பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டு வருவோம்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். "உங்களோட போறேன்னா அவளுக்குச் சொன்னேன்?" என்றாள். அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்டோபர் பதினேழாம் தேதி அவள் லீவு போட்டாள். ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள், வெளி உடுப்பில், கையில் ஒரு பொட்டலத்தோடு. காலைத் தூக்கி அடியைக் காட்டினாள். கடோவாக்கிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"எத்தனை பேர்னு கேளுங்க."

"எத்தனை பேர்?"

"ஒருத்திதான். ம், சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்றதுதானே?"

"தனியா..." அவர் பேரேட்டைப் பார்த்துக்கொண்டார். "தனியா வந்தா ஏற முடியாதும்மா."

"தெரியும்."

ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு வாங்கினாள். பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெஞ்சில், சுமியே உட்கார்ந்த இடத்தை விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சோற்று உருண்டையைத் தின்றாள். இன்னொன்றைக் காலியாக இருந்த இடத்தில் இலையோடு வைத்தாள். ஒரு மணி இருக்கும், ஹிரோஷிமாவிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். கடோவாக்கி தடுப்பதற்குள் அவள் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, நீங்களும் தனியா? சேர்ந்து போகலாமா?"

ஹிசானோ எழுந்து நின்று குனிந்து வணக்கம் சொன்னாள்.

"மன்னிக்கணும். எனக்கு ஆள் வருது."

அந்தப் பெண் வேறு இருவரோடு சேர்ந்து ஏறிப் போய், பார்த்துவிட்டு, மூன்றுக்குச் சற்று முன்னால் இறங்கியும் வந்துவிட்டாள். பெஞ்சில் அதே அம்மா அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். பட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கடோவாக்கி சங்கிலி போட்டு வாசலை மூடினார். ஹிசானோ பக்கத்தில் வைத்திருந்த உருண்டையை எடுத்தாள். அன்றைக்குத் தின்னாமல் இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டதுக்குப் பதிலாக, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கன்னத்தில் வழிந்தது வாய்க்குள் போயிற்று. துடைக்கவில்லை.

"உள்ள கடற்பாசிதான்" என்றாள் கடோவாக்கியிடம். "அவ வைக்கிற மாதிரி வரல. அவ உப்பு கொஞ்சம் தூக்கலா போடுவா."

"பஸ்ஸு மூணு இருபதுக்கு" என்றார் அவர். அவள் தலையாட்டினாள். மடிப்புக் கலையாத பட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள். மூன்று இடத்தில் நின்றாள்.